அடைப்பு

மழைத் தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நினைத்து இசக்கிபாண்டி வாசலில் மணல் மூட்டை போட்டிருந்தான். அது கக்கூஸ் வழியாக வந்தது. வல்லம் வடகாலில் நாலு வருஷமாகக் குடியிருக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாலு வருஷமும் அவன் மாடியறை ஒன்றில் ஏழு பையன்களோடு கால் நீட்ட இடமில்லாமல் கிடந்தவன். பெண்டாட்டி பிள்ளை வருகிறார்கள் என்று பத்து நாளைக்கு முன்னால்தான் கீழ்த்தளத்தில் தனி அறை எடுத்தான். சுகப்பிரியா நாங்குநேரியில் அம்மா வீட்டில் பிள்ளை பெற்று, ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்தவள். கொண்டுவந்த பையைக்கூட அவள் முழுசாகப் பிரிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கட்டில் காலில் பாதிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கிறார்கள் என்று பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் மூட்டையைக் கட்டினார்கள். சுகப்பிரியாவும் அங்கேயே போவோம் என்றாள். பச்சைப்பிள்ளையை நூறு பேருக்கு நடுவில் எப்படிப் போடுவது என்று இசக்கிபாண்டி மறுத்துவிட்டான். அவன் சட்டைப்பையில் ஒரு சாவி இருந்தது. சாவி இருக்கிறவனுக்கு இப்படித்தான் புத்தி போகும்.

அது முதலாளி வெங்கடேசன் ஷெட்டின் சாவி; வாட்ச்மேன் இல்லாததால் பூட்டித் திறப்பது இவன்தான். தொழிற்பேட்டை ஓரத்தில், பஸ் அடிச்சட்டத்தின் மேல் கேரவன் கட்டுகிற ஷெட். கட்டில், சமையல் மேடை, கக்கூஸ், குளிக்கிற இடம் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். சினிமாக்காரர்கள் வாங்குவார்கள். பிள்ளைகுட்டியோடு மலைக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வர ஆசைப்படுகிற பணக்காரர்களும் வாங்குவார்கள். இசக்கிபாண்டி அங்கே மரவேலை பார்க்கிறான். இதுவரை பதினோரு வண்டிக்குக் கட்டில் அடித்திருக்கிறான், ஒரு கட்டிலிலும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்பது வெங்கடேசனின் சட்டம். மெத்தையின் பிளாஸ்டிக் உறையில் ஒரு சுருக்கம் கூடுதலாக விழுந்திருந்தால்கூட யார் என்று கேட்பார். போன வருஷம் நாகப்பன் என்ற வாட்ச்மேன் ஒரு வண்டிக்குள் படுத்திருந்தான் என்று ஒருநாள் காலையில் அவர் காதுக்குப் போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாகப்பன் அங்கே இல்லை. சொன்னவர் ஷெட்டின் பிளம்பர் கோதண்டம். உள்ளூர்க்காரர், வாய் நீளம், மனசில் ஒன்றும் தங்காது.

மழைக்கு ஷெட்டை மூடியிருக்கிறார்கள், ரெண்டே நாள், தண்ணீர் வடிந்ததும் போய்விடலாம் என்று இசக்கிபாண்டி சொன்னான். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று சுகப்பிரியா கேட்டதற்கு அவன் ஒரு நியாயம் வைத்திருந்தான். கேட்டால் இல்லை என்பார், கேட்காவிட்டால் எப்படி இல்லை என்று சொல்வார்? அவள் பையைத் தூக்கிக்கொண்டாள். பிள்ளை நனைந்துகொண்டிருந்தது.

டெலிவரிக்காக ஷெட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டிக்குள் வந்த பிறகு அவன் ஒவ்வொன்றாகச் சட்டம் போட ஆரம்பித்தான். வெங்கடேசனாவது பரவாயில்லை. திரையை விலக்கக் கூடாது, எதிர்க் கம்பெனியின் செக்யூரிட்டிக்காரன் இந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான். விளக்குப் போடக் கூடாது. மணக்கிற எதையும் உள்ளே வைத்துத் தின்னக் கூடாது, புது வண்டியில் வாசனை ஒட்டிக்கொள்ளும். ஆகவே சட்னி இல்லாத இட்லி, வாழைப்பழம், பன். பால் கொடுக்கிறவளுக்கு அரை மணிக்கு ஒருதரம் பசித்தது. ஷெட்டின் கக்கூஸுக்கு விடியுமுன் ஒருதரம், இருட்டிய பிறகு ஒருதரம், தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு போய்வர வேண்டும். மற்ற நேரமெல்லாம் அந்த இருபது அடி நீளத்துக்குள்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் இவளும் இதே ரோட்டில் ஒரு கம்பெனி லைனில் ரெண்டு வருஷம் நின்றவள். எட்டு மணி நேரம் நிற்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. உட்கார்ந்தே இருக்கத்தான் முடியவில்லை. அசைந்தால் பிளாஸ்டிக் உறை மொறுமொறுத்தது. பசை நாற்றத்தில் தலை வலித்தது. கூரையில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கோழிக்கூடாவது நாலு பக்கமும் கம்பியாக இருக்கும், காற்று வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அதைப் புருஷனிடம் சொன்னபோது அவன் முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சுவரெல்லாம் அவன் கையால் இழைத்துப் பொருத்தியது.

பிள்ளைக்கு நிலா என்று பெயர். உலகமே தண்ணீரில் போனாலும் அவளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாமல் விடக்கூடாது, விட்டால் உடம்பு முறுக்கிக்கொள்ளும் என்பது நாங்குநேரியிலிருந்து போனில் வருகிற உத்தரவு. கஸ்தூரி மஞ்சள் கலந்த பயத்தமாவை அம்மாவே அரைத்து, டப்பாவில் அடைத்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் காலையில், வண்டியின் குளிக்கிற இடத்தில் சுகப்பிரியா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, மாவு தேய்த்து, ஊற்றினாள். மூன்று நாளில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். இசக்கிபாண்டியே பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு கொடுத்தான். அவன் போட்ட இத்தனை சட்டத்தில் இதற்கு மட்டும் ஒன்று போட மறந்துவிட்டான்.

வீட்டுச் சாக்கடை வேறு, வண்டிச் சாக்கடை வேறு. வண்டித் தரைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு சாண் இடத்துக்குள் குழாயை மடக்கிக் கொண்டுபோயிருப்பார்கள். சோப்புத் தண்ணீர் ஓடலாம், அவ்வளவுதான். எண்ணெயும் மாவும் சேர்ந்து அந்த வளைவில் களியாக உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை தண்ணீர் இறங்காமல் தேங்கவும், இசக்கிபாண்டி ஒரு கம்பியை எடுத்துக் குத்தினான். மரத்தில் குத்துகிற பழக்கம், பலமாகக் குத்திவிட்டான். தண்ணீர் சட்டென்று இறங்கியது. அவன் பெருமையாக அவளைப் பார்த்தான். அப்புறம் கீழே இறங்கிப் பார்த்தால், தரைப் பலகையின் ஓரமெல்லாம் ஊறிச் சொட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் பேட்டரிப் பெட்டியின் மூடிமேல் சொட்டுகிறது.

திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுத்துப்போக ஆள் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வெங்கடேசன் வந்து கடைசியாக ஒருதரம் பார்ப்பார். அதற்குள் பலகை உப்பிவிட்டால் யார் தண்ணீர் விட்டது என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பிறகு இசக்கிபாண்டிக்கு இந்த ஷெட்டில் வேலை இல்லை. குழாய் வேலை அவனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் கோதண்டம்தான். வேறு வழியில்லாமல் அவருக்கே போன் போட்டான்.

சுகப்பிரியா பிள்ளையோடு வண்டியின் பின்பக்கத்துப் படுக்கையறைக்குள் போனாள். அவன் தள்ளுகதவை இழுத்துவிட்டான். இந்தக் கதவு நகர்ந்தால் எறும்புக்குக்கூடச் சத்தம் கேட்காது என்று அவன்தான் அவளிடம் பீற்றிக்கொண்டிருந்தான். அது நிஜம்தான். ஆனால் கனம் குறைய வேண்டும் என்று மெல்லிய பலகையில் செய்திருந்தான், அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாலும் இந்தப் பக்கம் கேட்டது.

கோதண்டம் உரச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டார்.

"நாலு பக்கமும் மண்ணக் கொட்டி கம்பெனிய ஒசத்திட்டானுங்க. தண்ணி எங்க போவும்? எங்க வூட்டு அடுப்பங்கரைக்குத்தான் வரும். வூட்டுக்காரிய குன்றத்தூர்ல பொண்ணு வூட்ல வுட்டுட்டு நா ஒருத்தன் காவலுக்குக் கீறேன். எதுக்குக் காவலு? மொழங்கால் தண்ணிய எவனாவது தூக்கினு போய்டுவான்னா?"

இசக்கிபாண்டி சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்குத் தெரிந்தது.

"ஆமா, மழையில இன்னாத்துக்கு நீ வண்டிய தொறந்த?"

"திங்கக்கிழமை டெலிவரியாச்சே அண்ணாச்சி. ஒருக்கா தண்ணி விட்டுப் பாத்துருவமேன்னு."

"நீ மரவேலை. தண்ணி என் வேலை. ஒன் கட்டில்ல வந்து நா ஆணி அடிக்கறனா?"

அவர் குளிக்கிற இடத்தில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர் இறங்குகிற வட்ட மூடியைத் திருகிக் கழற்றும் சத்தம் கேட்டது. கழற்றிக்கொண்டே பேசினார். மூன்று நாளாக வெறும் வீட்டில் தனியாக இருந்தவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. மகள் வீட்டுக்காரர் ஷிப்டு மாறியது, சம்பந்தி ஊமைக்கோட்டானாக இருப்பது, தண்டலத்தில் சர்வீஸ் ரோடு முழுகி லாரி நின்றது எல்லாம் வந்தது. சுகப்பிரியாவுக்கு எல்லாமே காதில் விழுந்தது. ஒன்றுக்கும் 'உம்' கொட்ட முடியாமல் இருப்பது அவளுக்கு மூச்சை அடைத்தது. பத்து நாளில் புருஷனைத் தவிர ஒரு மனுஷக் குரலை அவள் இவ்வளவு நேரம் கேட்டதில்லை.

பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்தால் பேசும். இந்த ஒரு வாரமாகத்தான் அதற்கு 'அங்கு அங்கு' என்று கத்திப் பேசுகிற பழக்கம் வந்திருக்கிறது. மழையின் சத்தம் கொஞ்சம் குறைந்தது. வீட்டை முழுக்கிய மழையை மூன்று நாளாக வாய்க்கு வந்தபடி திட்டியவள், இப்போது விட்டுவிடாதே, கொட்டு என்று அதையே வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொள்ள வேண்டி வந்ததை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது.

கோதண்டத்தின் பேச்சு நின்றது. வளைவுக் குழாயிலிருந்து அவர் எதையோ வழித்து எடுத்திருக்க வேண்டும்.

"இன்னா இது? களியாட்டம் கீது."

"பட்டி, அண்ணாச்சி. பலகை இடுக்குல பட்டி பூசிட்டு இதுலதான் கை கழுவுனேன்."

"பட்டியில மஞ்சள் எப்பலேர்ந்து போடறானுங்க?"

"தேக்குக் கலர் வரதுக்கு அண்ணாச்சி. நாங்க லேசாச் சேப்போம்."

பொய் எண்ணெய் போட்ட கதவு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கதவுக்குப் பின்னால் சுகப்பிரியாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. பிள்ளைக்குத் தேய்த்த மாவைப் பட்டி என்கிறான். இந்தக் கதவு திறந்துகொண்டால் பிள்ளையை என்னவென்று சொல்வான்? தன்னை என்னவென்று சொல்வான்? தாலி கட்டிப் பதினாறு மாதம் ஆன புருஷன் பெண்டாட்டி, திருட்டுச் சாமானை ஒளித்துவைத்த மாதிரி இருப்பதற்கு அவர்கள் என்ன செய்துவிட்டார்கள்? வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அது ஒரு குற்றமா? அவளுக்கு எழுந்துபோய்க் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மடியில் பிள்ளை இருந்தது, அசைந்தால் பிளாஸ்டிக் சத்தம் போடும்.

கோதண்டம் அதன்பிறகு பேசவில்லை. அந்த மனுஷன் பேசாமல் இருப்பது நல்லதற்கில்லை என்பது இசக்கிபாண்டிக்குத் தெரியும். ரப்பர் வாஷரைக் கேட்டார், கொடுத்தான். பழைய வாஷர் கம்பி பட்டுக் கிழிந்திருந்தது. புதுசைப் போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பூசி, மூடியைத் திருகினார். இனிக் கீழே போய்க் குழாய்க்குக் கிளிப் மாட்ட வேண்டும்.

கீழே சேற்றில் அட்டைப்பெட்டியை விரித்து, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தார். கிளிப்பை எட்டுவதற்குப் பேட்டரிப் பெட்டி இடைஞ்சலாக இருந்தது. அதன் மூடியைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, கிளிப்பை முடுக்கினார். பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கொயாய நல்லா தொறந்து வுட்டுட்டு கீய வா. டார்ச்சு புடிக்க ஆள் வோணும்."

இசக்கிபாண்டி ஷவரை முழுசாகத் திறந்துவிட்டு, படுக்கையறைக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, இறங்கிப் போனான். அவரோடு ஒட்டிப் படுத்து டார்ச் அடித்தான். புது வாஷரில் ஒரு சொட்டுக் கசியவில்லை. கோதண்டம் அதைப் பார்த்துத் தலையாட்டுகிற நேரத்தில், ஈரத்தில் சரியாகக் கவ்வாத கிளிப் வழுக்கிக் குழாய் பிய்த்துக்கொண்டது. அவ்வளவு தண்ணீரும் அவர் முகத்தில் அடித்து, அங்கிருந்து திறந்து கிடந்த பேட்டரிப் பெட்டியை நோக்கித் திரும்பியது. அது நனைந்தால் திங்கட்கிழமை அல்ல, அடுத்த திங்கட்கிழமையும் வண்டி போகாது.

"அடை! குழாயை அடை!" என்று இசக்கிபாண்டி கத்தினான்.

வல்லம் வடகாலில் குழாயை மூடுவார்கள். அடைப்பது என்றால் ஓட்டையைத்தான். தன்னைவிடப் பதினைந்து வயசு இளையவன் ஒருமையில் உத்தரவு போடுகிறானே என்று கோதண்டத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்துக் குழாயின் வாயை அடைத்தார். விரலிடுக்கில் பீறிட்டது. முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடியது.

நாங்குநேரியில் கதவையும் அடைப்பார்கள், குழாயையும் அடைப்பார்கள். அந்தச் சொல்லும் அந்த ஒருமையும் அந்தப் பதற்றமும் யாருக்கு என்று சுகப்பிரியாவுக்குத் தெரியும். அவன் அவளைத்தான் கூப்பிட்டான், கூப்பிட்டது அவனுக்கே தெரியாமல். குழாயை மூடினால் மேலே ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். யோசிக்காமல் செய்துவிட்டாள் என்று பிற்பாடு இசக்கிபாண்டி சொல்லிக்கொண்டு திரிந்தான். யோசித்துத்தான் செய்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாத அந்தக் கதவைத் தள்ளி, இரண்டு எட்டு வைத்து, ஷவரை இறுக்கி மூடினாள்.

வண்டிக்கடியில் கோதண்டம் கையை மெல்ல எடுத்தார். தண்ணீர் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தவனைப் பார்த்தார்.

"நீ இங்க கீற. நானும் இங்க கீறேன். மேல மூடனது யாரு?"

"பம்பு நின்னுருக்கும் அண்ணாச்சி. சில நேரம்..."

அவன் முடிப்பதற்குள் தலைக்கு மேலே பலகையில் காலடி கேட்டது. குளிக்கிற இடத்திலிருந்து புறப்பட்டு, சமையல் மேடையைத் தாண்டி, அவர்கள் இருவரின் முகத்துக்கும் நேர் மேலாக நடந்து, வாசல் பக்கம் போய் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. படி ஒருதரம் முனகியது. படுத்த வாக்கில் கோதண்டம் தலையைத் திருப்பிப் பார்த்தார். மெட்டி போட்ட இரண்டு கால்கள் சேற்றில் இறங்கி நின்றன.

"அண்ணாச்சி, அது பட்டி இல்ல" என்று சொன்னாள் சுகப்பிரியா. "பயத்தமாவு. பிள்ளையக் குளிப்பாட்டுனேன்."

கோதண்டம் தவழ்ந்து வெளியே வந்து நிமிர்ந்தார். சுகப்பிரியா சேலைத் தலைப்பால் பிள்ளையின் தலையை மூடியிருந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு வெளிச்சத்தைப் பார்த்த பிள்ளை, கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்தது.

"வாசனையிலயே தெரிஞ்சிச்சுமா" என்றார் அவர். "எவளையோ இட்டாந்து வச்சிகினு கீறான் பேமானின்னு நெனச்சேன். கொயந்தைய நெனைக்கல."

இசக்கிபாண்டி சேறு வழிய வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணாச்சி அண்ணாச்சி என்று அதையே சொன்னான். கோதண்டம் கையை உதறவும் இல்லை, அவனுக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை. நாகப்பன் வண்டிக்குள் ஸ்டவ் வைத்தான், தீப்பிடித்திருந்தால் ஷெட்டே போயிருக்கும், அதனால் சொன்னேன் என்றார். இதுவும் அப்படித்தான், முதலாளி வாய் திறந்து கேட்டால் என்னால் மறைக்க முடியாது, இருபது வருஷமாக அவர் சோற்றைத் தின்கிறேன் என்றார். நாளைக்கு அவர் வருவதற்குள் போய்விடுங்கள், நான் எதையும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்றார். எங்கே போவது என்று அவரும் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் முழங்கால் தண்ணீர்தான்.

"சுகா, நீ உள்ள போ" என்றான் இசக்கிபாண்டி. "செக்யூரிட்டி பாக்கான். பிள்ளை நனையுது பாரு. உள்ள போ, நான் பேசிக்கிடுதேன்."

எதிர்க் கம்பெனியின் கூண்டிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சுகப்பிரியா அவனை ஒருதரம் நேராகப் பார்த்தாள். பார்த்து என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை. தூறல் அவள் முகத்தில் விழுந்தது. வண்டிக்குள் ஒரு மனுஷி மூச்சு விடுவதற்குப் பயந்துகொண்டு கிடந்த மூன்று நாளும் அவளுக்குப் பெரிய அசிங்கமாகத் தோன்றியது. அரை வயிற்றோடு கிடந்ததுகூட இல்லை, அந்தப் பயம்தான்.

"நீங்க இனிப் பேசாதீய அத்தான்" என்றாள். "பேசிப் பேசித்தான் பிள்ளைக்குத் தேச்ச மாவு பட்டியாப் போச்சு."

கோதண்டத்திடம் திரும்பி, நீங்களும் மறைக்க வேண்டாம் அண்ணாச்சி, நீங்களாகச் சொல்லவும் வேண்டாம் என்றாள். புருஷனின் சட்டைப்பையில் கைவிட்டுப் போனை எடுத்தாள். அவன் தடுக்க வந்தவன், பிள்ளை அவன் பக்கம் கையை நீட்டவும் பிள்ளையை வாங்கிக்கொண்டான். கோதண்டம் தோளில் கிடந்த துண்டைப் பிழிந்துகொண்டு, பேட்டரிப் பெட்டியைத் துடைக்க மறுபடியும் வண்டிக்கடியில் போய்விட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். ஐந்தாவது மணியில் வெங்கடேசன் எடுத்து, "சொல்லு இசக்கி" என்றார்.

"இசக்கி இல்ல சார். அவுக பொண்டாட்டி சுகப்பிரியா பேசுதேன். எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. மூணு நாளா உங்க வண்டிக்குள்ளதான் இருந்தேன், கைப்பிள்ளையோட. இப்ப வெளிய நின்னு பேசுதேன்."